சிவபாதம் பெரியப்பாவின் துடக்கு

ரிஷிகேசனின் பெரியப்பா சிவபாதம், கனடாவில் நல்ல சுகத்தோடு இருந்த ஒரு மார்கழிப் பின்னேரம், திருகோணமலையில் காலமானார். மாரடைப்பு. வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்துவிட்டார். குசினி வாசலில் நின்று இந்தச் செய்தியைத் தாய்க்குச் சொன்ன ரிஷிகேசன், பனி தள்ளிய விபரத்தை வாய் திறந்த பிறகுதான் யோசித்துச் சேர்த்தான்.

பத்தியக்கறிக்கு உள்ளி உரித்துக்கொண்டிருந்த கமலேஸ்வரியின் கை நின்றது.

"ஆரடா சொன்னது?"

"அங்க இருக்கிற ஒரு பெடியன். மெசேஜ் போட்டவன்."

"எப்ப நடந்ததாம்?"

"இண்டைக்கு. இல்லை, நேற்று. அங்கத்த நேரம் வேறயல்லோ அம்மா."

அவன் குரல் கம்மியது. கண் சிவந்திருந்தது. மூக்கு ஒழுகியது. கமலேஸ்வரி மகனை ஏறிட்டுப் பார்த்தாள். பெரியப்பன் ஊரை விட்டுப் போகும்போது இவனுக்குப் பால்பல்லும் விழவில்லை. அந்தப் பாசத்துக்கா இந்தக் கண்ணீர் என்று நினைத்து, உள்ளியைத் தள்ளி வைத்தாள். ரிஷிகேசனுக்கும் தன் நடிப்பின் மேல் ஒரு மதிப்பு வந்தது. மூக்கைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. அவனுக்கு மீன்பிடித் துறைமுகத்தடி ஐஸ் கம்பனியில் வேலை. அங்கே வேலை செய்கிறவனின் மூக்கு வருடம் முழுக்க ஒழுகும். அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை.

இந்தக் கொலைக்குக் காரணம் அறைக்குள் அவன் மனைவி நிஷாந்தினியின் மடியில் கிடந்தது. இன்னும் பெயர் வைக்காத பெண்பிள்ளை. நல்ல மயிர், சின்னக் காது, அப்பனின் மூக்கு.

அந்த மாரியில் ஊர் முழுக்க இருமியது. பஸ்ஸில் இருமினார்கள், வங்கியில் வரிசையில் நின்று இருமினார்கள், கோயிலில் ஐயர் மந்திரத்துக்கு நடுவே இருமினார். இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வீட்டுப் பிள்ளை, பிறந்து தொட்டில் கட்டுமுன்னமே மூச்சிழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனது. திரும்பி வரவில்லை. அந்த வீட்டு வாசலில் இப்போதும் சின்னச் சட்டைகள் கொடியில் கிடந்தன. எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ரிஷிகேசனின் வீட்டுக்குள் மட்டும் அந்த இருமல் வரவில்லை. பிறந்த வீட்டுத் துடக்கு, தீட்டு என்று ஒருவரும் படலை தாண்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை என்ன நிறம்?" என்று கேட்பதோடு சரி. அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் கோயிலுக்குப் போக ஏலாது என்ற பயம், சவுக்காரமும் மாஸ்க்கும் செய்யாத வேலையைச் செய்துகொண்டிருந்தது. சுகாதாரத் திணைக்களம் கோடி செலவழித்தாலும் இப்படி ஒரு காவல் போட்டிருக்க ஏலாது.

காவலுக்குக் கடைசி நாள் இருந்ததுதான் பிரச்சினை. பிள்ளை பிறந்து துடக்குக் கழியும் நாள், முப்பத்தொன்று.

"துடக்குக் கழிவுக்கு எங்கட ஆக்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்," என்று கமலேஸ்வரி விரல் மடித்தாள். "கிளிவெட்டி ஆக்கள், நிலாவெளி மாமி வீடு, உன்ர கம்பனி ஆக்கள். காலமை ஐயர் வந்து தண்ணி தெளிச்சா, பிள்ளைக்குத் தலைமயிர் இறக்கி, கழுத்தில பஞ்சாயுதம் போட்டு, பிறகு எல்லாரும் தூக்கலாம்."

எல்லாரும் தூக்குவது என்றால் எல்லாரும் தூக்குவதுதான். மடிக்கு மடி போகும். ஒவ்வொரு மடியிலும் ஒரு கொஞ்சல். கொஞ்சாமல் அடுத்த ஆளிடம் கொடுத்தால் பிள்ளையில் ஏதோ குறை கண்டுவிட்டார்கள் என்று ஆகும்.

குடும்பநல மாது ஸல்ஹா ஸ்கூட்டரில் வந்தபோது ரிஷிகேசன் அவளைத்தான் நம்பியிருந்தான். அவள் மாஸ்க்கோடு அறை வாசலில் நின்று, தராசைத் துடைத்து, பிள்ளையை நிறுத்து, நிஷாந்தினியின் கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"பால் மட்டும்தானே குடுக்கிறீங்க தங்கச்சி?"

"ஓம் மிஸ். ஆனா எனக்குத் தடிமன் காய்ச்சல் வந்தா என்ன செய்யிறது?"

"வந்தாலும் நிப்பாட்டாதீங்க. மாஸ்க்கைப் போடுங்க, கையைக் கழுவுங்க, பாலைக் குடுங்க. இந்தக் காய்ச்சல் மூச்சாலதான் போற, பாலால போறல்ல. பாலால போறது அதுக்கு எதிர் மருந்து. எழும்ப ஏலாட்டி பாலை எடுத்து வைங்க, சுகமா உள்ள ஒரு ஆள் கோப்பையால பருக்கட்டும். பிள்ளை மூச்சு வேகமா இழுத்தா, விலாவுக்குக் கீழ குழி விழுந்தா, எனக்குப் போன் எடுத்துக்கொண்டு நிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

பிறகு குசினிப் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்கட அந்த முப்பத்தொண்டைக் கொஞ்சம் தள்ளி வைச்சா நல்லம்."

"ஐயருக்குச் சொல்லியாச்சு பிள்ளை."

"ஐயருக்கும் இருமல்தான் அம்மா. நேற்று மருந்தெடுக்க வந்தவர்."

கமலேஸ்வரி அதற்குச் சிரித்துத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள். ஸல்ஹா போன பிறகு மகனிடம் சொன்னாள்:

"உன்ர முப்பத்தொண்டுக்கு ஷெல்லடி. அதுக்குள்ளையும் ஆக்கள் வந்தவை. தடிமனுக்குப் பயந்து ஆராவது துடக்குக் கழிக்காம விட்டதோ?"

அவன் கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான், ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தான். கமலேஸ்வரி அந்தச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பலகாரத்துக்கு உழுந்து வாங்க ஆள் அனுப்பினாள்.

முப்பத்தொன்றை நிறுத்தக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்னொரு துடக்கு. அதற்கு ஓர் ஆள் சாக வேண்டும். தாய்வழி ஆள் செத்துப் பயனில்லை. தகப்பன் வழியாக இருக்க வேண்டும். பிரேதத்தைப் பார்க்கப் போக ஏலாத தூரத்தில் இருக்க வேண்டும். போன் எடுத்து ஒருவரும் விசாரிக்காத ஆளாக இருக்க வேண்டும். இத்தனை தகுதியும் உள்ள மனுசன் குடும்பத்தில் ஒருவர்தான் இருந்தார். சிவபாதம் கனடா போய் இருபது வருடத்துக்கு மேல். முதல் சில மாதம் கதைத்தார், பிறகு இல்லை. தம்பி, ரிஷிகேசனின் தகப்பன், செத்ததற்கும் ஒரு சொல் அனுப்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பேஸ்புக்கில் ரிஷிகேசனின் கலியாணப் படத்துக்கு ஒரு பெருவிரல் போட்டிருந்தார். அவர் உயிரோடு இருப்பதற்கு உலகத்தில் அந்தப் பெருவிரல் ஒன்றுதான் சாட்சி, அதுவும் இவனுடைய போனுக்குள்.

கமலேஸ்வரி ஐயரைக் கேட்டாள். செத்த துடக்கு பிறந்த துடக்கை விடப் பெரியது என்றார் ஐயர், இருமிக்கொண்டே. முப்பத்தொன்று நின்றது. உழுந்து அப்படியே அலுமாரிக்குள் போனது.

ரிஷிகேசன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். வெற்றிக் களிப்பில் குனிந்து பிள்ளையின் கன்னத்தில் ஒரு கொஞ்சலும் வைத்தான். நிஷாந்தினி சிரிக்கவில்லை. அவளுடைய தாய் குவைத்தில் வேறு யாருடையவோ பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கேட்க ஆளில்லாத வீட்டில், தானே எல்லாவற்றையும் யோசித்துப் பழகியவள்.

"அப்ப பெரியம்மாக்கு ஆர் சொல்லுறது?"

"எந்தப் பெரியம்மா?"

"உங்கட பெரியப்பாவின்ர பெண்சாதி."

ஒருவரும் தேடாத மனுசன் என்று கணக்குப் போட்டவன், கிளிவெட்டியில் தன் சகோதரி வீட்டில் இருந்து அந்த மனுசனைத் தேடிக்கொண்டே இருந்த வள்ளியம்மாவை மறந்துபோனான்.

அவன் மறந்தது அது மட்டும் இல்லை. பிறந்த துடக்குக்கு ஆட்கள் ஒதுங்குவார்கள். செத்த துடக்குக்கு ஆட்கள் கூடுவார்கள்.

மறுநாள் விடிய முதல் ஓட்டோ வந்து நின்றது.

நிலாவெளி மாமி அதிலிருந்து இறங்கும்போதே குரல் எடுத்தாள். அழுகை, இருமல், அழுகை என்று மாறி மாறி வந்தது. பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். பிரேதம் கனடாவில், பெண்சாதி கிளிவெட்டியில், பிள்ளை குட்டி இல்லை. ஆகவே செத்தவீடு செத்தவரின் தம்பி வீடுதான் என்று எல்லாரும் ஒருமனதாகத் தீர்மானித்திருந்தார்கள். முற்றத்தில் தறப்பாள் பந்தல் ஏறியது. வாடகைக் கதிரைகள் இறங்கின. அடுப்பு எரியக்கூடாது என்று பக்கத்து வீடு தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தது. ஐஸ் கம்பனியிலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள், ஒரு லொறி நிறைய மூக்கோடு, வந்து இறங்கினார்கள்.

"இன்டர்நெட்டில அறிவித்தல் வரேல்லையே தம்பி?" என்று ஒருவர் போனைத் தடவியபடி கேட்டார்.

"அங்கத்த ஆக்கள் போடுவினம் அண்ணை."

"நல்ல படமாப் போடச் சொல்லும். மனுசன் இஞ்ச இருக்கேக்க வடிவு."

ரிஷிகேசன் அறை வாசலில் கதிரை போட்டுக் காவல் இருந்தான். துக்கத்தில் ஒடிந்துபோன தம்பி மகன் ஒருவன் இப்படி வாசலை அடைத்துக்கொண்டு இருந்தால் அவனைத் தேற்றுவதுதானே முறை. தேற்றுகிறவர்கள் தோளைப் பிடித்தார்கள், தலையைத் தடவினார்கள், அப்படியே அவனைத் தாண்டி உள்ளே போனார்கள். வந்ததும் வந்தோம், பிள்ளையையும் ஒருக்கால் பார்ப்போம். போய்க் குளித்தால் இரண்டு துடக்கும் ஒரு வாளித் தண்ணீரோடு போகும்.

"தகப்பன்ர மூக்கு."

"இல்லை, செத்த மனுசன்ர மூக்கு. திரும்பி வந்திட்டார்."

"தாங்கோ, நான் ஒருக்கால்."

நிஷாந்தினி முதலில் மாஸ்க் போட்டுக்கொண்டு பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். "மிஸ் தூக்க வேண்டாம் எண்டவ," என்றாள். நிலாவெளி மாமி அதைக் கேட்டு, "நாங்களும் மிஸ்தான் பிள்ளை, நாலு பெத்தனாங்கள்," என்று கையை நீட்டினாள்.

மூன்றாம் நாள் காலை நிஷாந்தினிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. எழும்பி இருக்க ஏலவில்லை. கை கால் முறித்துப் போட்டது போல் கிடந்தாள். பிள்ளை பசிக்கு அழுதது. அவள் சட்டையைத் தளர்த்தும் நேரத்தில் நிலாவெளி மாமி உள்ளே வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

"காய்ச்சல் பாலைக் குடுத்து அந்தப் பச்சை மண்ணைக் கொல்லப் போறியோ?"

"மாமி, குடுக்கலாம். மிஸ் சொன்னவ."

"மிஸ் சொல்லுவா. பிள்ளைக்கு ஒண்டு நடந்தா மிஸ்ஸோ அழப்போறா? கமலேஸ்வரி, பால்மா இருக்கோ?"

கமலேஸ்வரி ரிஷிகேசனைப் பார்த்தாள். அவன் தாயைப் பார்த்தான். சபை நிறைந்த செத்தவீட்டில், சாகாத ஒருவருக்காக அழுதுகொண்டிருக்கும் பெரியவர்களோடு எந்தப் பக்கத்தால் வாக்குவாதம் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. "ஒருநாள்தானே நிஷா," என்றான். "உமக்குக் காய்ச்சல் இறங்கட்டும்."

நிஷாந்தினி அவனைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிள்ளை விறாந்தையில் சூப்பிப் போத்தலோடு மடிக்கு மடி போனது. அறைக்குள் அவளுடைய மார்பு கல்லாக இறுகியது. பால் தானாக வழிந்து சட்டை நனைந்தது. வெளியே பிள்ளை அழும் ஒவ்வொரு தரமும் உள்ளே சட்டை நனைந்தது. கொஞ்சப் பாலைக் கையால் கோப்பைக்குள் எடுத்து, "இதையாவது பருக்குங்கோ," என்று ரிஷிகேசனிடம் நீட்டினாள். அவன் அதை மறைத்துக் கொண்டுபோனான். குசினி வாசலில் நின்ற ஒரு பெண் வாங்கி மணந்து பார்த்து, "சூட்டுப் பால்," என்று வாழையடியில் ஊற்றிவிட்டாள்.

மத்தியானம் கிளிவெட்டி வான் வந்தது.

வள்ளியம்மா அழாமல் இறங்கினாள். ஒடிசலான மனுசி. அறுபது தாண்டும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. கூட்டம் அவளைப் பார்த்ததும் பெருங்குரல் எடுத்தது. அவள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, ரிஷிகேசனைக் கண்டு, பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள்.

"தம்பி, நீதானே அறிஞ்சனீ. கடைசியா ஏதாவது சொன்னவராமோ?"

அவன் அவள் முகத்தருகே குனிந்தான். இல்லை என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் சொல்லத் தகுந்த உண்மை.

"உங்களைத்தான் கேட்டவராம் பெரியம்மா."

அவன் மூக்கும் கண்ணும் ஒழுகின. வள்ளியம்மா தன் சேலைத் தலைப்பை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தாள். பிறகு அதே தலைப்பால் தன் கண்ணைத் துடைத்தாள்.

"கேட்டவரோ," என்றாள். "அப்ப மறக்கேல்லை."

எட்டாம் நாள் தாலி கழட்டுவது என்று பெண்கள் நாள் குறித்தார்கள். வள்ளியம்மா யாருடைய மடியிலோ சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை பிறக்க முன்னம் புருஷன் கனடாவுக்குப் போய்விட்டார். பிள்ளை பிடிக்கும் விதம் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனாலேயே கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சரியும் நேரம் அவள்தான் சொன்னாள்:

"இந்தப் பிள்ளை இப்ப அழுகிறேல்லை."

"நித்திரை," என்றாள் நிலாவெளி மாமி.

"கண் திறந்திருக்கு. மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. இஞ்ச பார், நெஞ்சுக்குக் கீழ குழி விழுந்து விழுந்து வருது."

ரிஷிகேசன் எழும்பினான். அறைக் கதவு திறந்தது. நிஷாந்தினி மாஸ்க்கோடு சுவரைப் பிடித்தபடி நின்றாள். நனைந்த சட்டை. பக்கத்தில் இருப்பவர்களுக்கும் வெக்கை அடிக்கும் உடம்பு.

"பிள்ளையைத் தாங்கோ. ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"செத்தவீட்டால இந்த நேரம் பச்சைப் பிள்ளையோட இறங்கிறதோ? நூல் கட்டினாச் சரியாகிடும்," என்றது ஒரு குரல். "முதல்ல நீ தள்ளி நில் பிள்ளை, உனக்குக் காய்ச்சல்," என்றது இன்னொன்று. நிலாவெளி மாமி எழும்பிக் கதவுக்கு நடுவே நின்றாள். வெளியே ஓட்டோ எடுக்க வழி இல்லாமல் முற்றம் முழுக்கக் கதிரை, கதிரை முழுக்க ஆட்கள்.

"பெரியப்பா சாகேல்லை," என்றான் ரிஷிகேசன்.

பிறகு நிலாவெளி மாமி அவன் கையைப் பிடித்தாள்.

"ஓம் அப்பன். அப்பிடித்தான் இருக்கும். என்ர மனுசன் செத்த நேரமும் நான் அதைத்தான் சொன்னனான்."

"இல்லை மாமி. உண்மையா உயிரோட இருக்கிறார்."

"எங்கட மனசில இருக்கிறார் தம்பி."

"கனடாவில இருக்கிறார்! நான் பொய் சொன்னனான். முப்பத்தொண்டை நிப்பாட்டச் சொன்னனான்."

"பெடியனுக்குத் தண்ணி குடுங்கோ," என்றார் ஒருவர். "பேதலிச்சுப் போனான்."

ரிஷிகேசன் போனை எடுத்தான். அந்தப் பெருவிரலைத் தேடிப் பிடித்து, வீடியோ அழைப்பை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, எல்லாருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. ஒருவேளை உண்மையிலேயே செத்திருந்தால் என்று அவன் ஒரு கணம் நினைத்தான். பிறகு திரை வெளிச்சமானது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர், கையில் மண்வெட்டி மாதிரி ஒன்றோடு, வெள்ளை வாசல் ஒன்றில் நின்றார். பனி தள்ளிக்கொண்டிருந்தார். செத்தவீட்டுச் செய்தியில் அந்த ஒரு விபரம் மட்டும் சரியாக இருந்தது.

"ஆர் இது? ஆர் கதைக்கிறது?"

பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்டது.

வள்ளியம்மா திரைக்கு முன்னால் முகத்தைக் கொண்டுவந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களோ?" என்றாள்.

கிழவர் மண்வெட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். "ஓம்," என்றார். திரை இருண்டது.

வள்ளியம்மா எழும்பினாள். நிலாவெளி மாமியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, பிள்ளையைக் கொண்டுபோய் நிஷாந்தினியின் கையில் வைத்தாள்.

"உன்ர பிள்ளை. கொண்டு ஓடு."

நிஷாந்தினி நின்ற இடத்திலேயே பிள்ளையை மார்பில் பிடித்தாள். அது வாயைத் திறந்தது. பிடிக்கவில்லை. மூச்சு விடுவதற்கே அதற்கு நேரம் காணாமல் இருந்தது.

முற்றம் எப்போது வெறுமையானது என்று ஓட்டோவில் ஏறிய இருவருக்கும் தெரியாது. பின்னால் கதிரைகள் விழும் சத்தமும், "வாயால ஆளைச் சாகடிச்சவன்," என்று ஒரு குரலும் கேட்டன. "இனி இந்த வீட்டுப் படலை மிதிச்சா எங்களைக் கேள்," என்றது இன்னொரு குரல். இவன் ஆசைப்பட்டதும் அதைத்தான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் மூக்குக்குள் குழாய் வைத்தார்கள். உள்ளங்கையளவு நெஞ்சில் கம்பிகள் ஒட்டினார்கள். கட்டில் அட்டையில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் தாயின் பெயரை எழுதி, அவளுடைய பிள்ளை என்று போட்டார்கள். தாயையும் அனுமதித்து மருந்து கொடுத்தார்கள். அவள் குளிரில் நடுங்கிக்கொண்டே பால் எடுத்தாள். தாதி அதை மணந்து பார்க்கவில்லை, ஊற்றவில்லை. குழாயால் துளித் துளியாகப் பிள்ளைக்கு விட்டாள்.

இளம் டொக்டர் ஒருவர் வந்து கேட்டார்.

"வீட்டில ஆருக்கு முதல்ல வந்தது?"

"செத்தவீட்டுக்கு வந்த ஆக்கள், டொக்டர்," என்றான் ரிஷிகேசன். "எல்லாருக்கும் இருமல்."

"இவருக்குத்தான் முதல்," என்றாள் நிஷாந்தினி மாஸ்க்குக்குள்ளால். "ஆக்கள் வர முன்னம்."

"அது ஐஸ் கம்பனித் தடிமன் நிஷா."

டொக்டர் அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "ஐஸுக்குக் காய்ச்சல் வாறேல்லை," என்றார். மேசையில் இருந்த பெட்டியிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ரிஷிகேசன் அந்த மாஸ்க்கைப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். குசினி வாசலில் தாய்க்கு முன்னால் ஒழுகிய மூக்கு நினைவுக்கு வந்தது. வெற்றிக் களிப்பில் பிள்ளையின் கன்னத்தில் வைத்த கொஞ்சல் நினைவுக்கு வந்தது. பிறகு, தன் முகத்தைத் துடைத்த ஒரு சேலைத் தலைப்பு.

"போடுங்கோ," என்றாள் நிஷாந்தினி. "வெளியில நில்லுங்கோ."

பிள்ளை பிழைத்தது. பல நாள் யோசித்துவிட்டுத்தான் பிழைத்தது. குழாயை எடுத்த அன்று காலை நிஷாந்தினியின் மார்பைப் பிடித்தது. பிடித்ததும் விட்டது. மறுபடி பிடித்தது. அவள் மாஸ்க்குக்குள்ளேயே அழுதாள்.

அதே காலை கிளிவெட்டியிலிருந்து போன் வந்தது. கமலேஸ்வரி எடுத்தாள். வள்ளியம்மா வந்த வானிலேயே திரும்பிப் போனவள். போய்ச் சில நாளில் காய்ச்சல். தடிமன்தானே என்று கொத்தமல்லி அவித்துக் குடித்திருக்கிறாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் முடிந்துவிட்டது.

பிள்ளை இல்லாதவள். கொள்ளி வைக்கப் புருஷனின் தம்பி மகன்தான் இருந்தான். ரிஷிகேசன் மாஸ்க் போட்டுக்கொண்டு கிளிவெட்டிக்குப் போனான். அவன் வந்ததும் ஆட்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டார்கள். பெட்டிக்குள் வள்ளியம்மா பெரிய பொட்டோடும் தாலிக்கொடியோடும் கிடந்தாள். பெண்கள் அவள் காலடிக் குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டார்கள்.

"பூவோடும் பொட்டோடும் போறா," என்றாள் நிலாவெளி மாமி, தூரத்தில் நின்று. "குடுத்து வைச்ச மனுசி."

சுடலையில் அவனோடு ஒருவரும் கதைக்கவில்லை. அவன் வாயிலிருந்து ஒரு பெயர் வந்துவிடுமோ என்று பயந்தது போல எல்லாரும் அவன் கண்ணில் படாமல் நின்றார்கள்.

வரும் வழியில், கிண்ணியாப் பாலத்தடியில் பஸ் நிற்கும்போது, கனடாவுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினான். பெரியம்மா மோசம் போயிட்டா. பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெருவிரல் வந்தது.

வீட்டில் துடக்கு. ஐயர் போனிலேயே சொல்லிவிட்டார். முப்பத்தொரு நாள், இந்தத் தரம் சந்தேகம் இல்லை. ஆனால் துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள். திருகோணமலையில் அந்த மாரியில் அதைவிடப் பாதுகாப்பான வீடு இருந்திருக்காது.

நிஷாந்தினியும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அறைக்குள் இருந்தார்கள். அவன் பாய் விறாந்தையில் கிடந்தது. சாப்பாட்டைக் கமலேஸ்வரி, மாஸ்க்கோடு, இரண்டு பக்கமும் கொண்டுபோய் வைத்தாள். அவள் முப்பத்தொன்றைப் பற்றிக் கதைப்பதில்லை. அலுமாரிக்குள் உழுந்து வண்டடித்துப் போயிருந்தது.

ஒரு பின்னேரம் படலையில் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று வந்து நின்றது. கதிரை வாடகைக்காரர். செத்தவீட்டுக் கதிரைகள் இன்னும் தறப்பாளுக்குக் கீழே, விழுந்தது விழுந்தபடி கிடந்தன. மனுசன் இறங்கிப் படலையில் கை வைத்து, தொண்டையைச் செருமி, இருமினார்.

"உள்ளுக்கு வரவேண்டாம் அண்ணை," என்றான் ரிஷிகேசன். "துடக்கு."

மனுசன் கையை எடுக்காமல் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உண்மையான துடக்கோ தம்பி?"

அறைக்குள் பிள்ளை பால் குடிக்கும் சத்தம் கேட்டது.

"ஓம்," என்றான் ரிஷிகேசன். மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக் கொண்டு, கதிரைகளை ஒவ்வொன்றாகப் படலைக்கு வெளியே கொண்டுபோய் வைக்கத் தொடங்கினான்.